வேலிக்கு இப்பால் 55, அப்பால் 60

பெர்க்லி எங்கே முடிகிறது, ஓக்லாந்து எங்கே தொடங்குகிறது என்பது அந்தத் தெருக்களில் நடந்துபோகிறவருக்குத் தெரியாது. நடுவில் ஆறு இல்லை, குன்று இல்லை, வெறும் பொட்டல்கூட இல்லை. கலிபோர்னியாவின் இந்த இரு நகரங்களும் ஒட்டிப் பிறந்தவை போலக் கிடக்கின்றன. எல்லைக்கோடு குடியிருப்புகளின் ஊடாகவே ஓடுகிறது.

அந்த எல்லையருகே, அமைதியான தெருவொன்றில், ஒரு வீட்டின் பின்புறத்தில் காற்றோட்ட விசிறி பகல் முழுக்க ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரீங்காரம் எதுவும் இல்லை, வெறும் காற்றோசைதான். பக்கத்து வீட்டு வேலியில் ஒலிமானியைப் பிடித்தால் 57 டெசிபல் காட்டுகிறது. வேலி பெர்க்லிக்குள் இருந்தால் இது சட்டமீறல், ஏனென்றால் தனிவீடுகள் நிறைந்த பகுதிக்கு அங்கே பகல் வரம்பு 55. வேலி ஓக்லாந்துக்குள் இருந்தால் குற்றமில்லை, அங்கே வரம்பு 60. அதே விசிறியை வளைகுடாப் பாலத்தைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனால் உடனே விடை சொல்ல முடியாது. அந்த ஊர்ச் சட்டம் நம்மையே திருப்பிக் கேட்கும்: "விசிறியை நிறுத்தினால் அந்தத் தெருவில் எவ்வளவு சத்தம் இருக்கும்?"

மூன்றும் ஒரே மாநிலத்து நகரங்கள். ஒரே வளைகுடாவின் கரையில் இருப்பவை, ஒரே வேலைச் சந்தையில் வாழ்பவை. ஆனாலும் இரைச்சல் என்றால் என்ன என்ற கேள்விக்கு மூன்றும் மூன்று விடைகளை எழுதி வைத்திருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எந்த ஊர் கண்டிப்பானது என்பதைவிட முக்கியமான ஒன்று தெரியவருகிறது. ஒலி வரம்பு என்பது பார்வைக்கு ஓர் எண். அதன் உள்ளே யார் யாருக்காக அமைதி காக்க வேண்டும் என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

எண்ணைப் படிக்கும் முன்

டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்குக்கு அடங்காது. 60 டெசிபல் தரும் எந்திரத்தின் பக்கத்தில் அதேபோல இன்னொன்றை வைத்தால் 120 ஆகாது, 63 ஆகும். 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இருமடங்கு. 10 கூடினால் ஆற்றல் பத்து மடங்கு, ஆனால் காதுக்கு அது ஏறத்தாழ இருமடங்குச் சத்தமாகப் படும். திறந்த வெளியில் ஒலிமூலத்திலிருந்து விலகும் தூரம் இரட்டிப்பானால் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே எங்கே நின்று அளந்தது என்று சொல்லாத டெசிபல் எண், எந்த ஊர் நாணயம் என்று சொல்லாத விலைபோலத்தான்.

இன்னொன்று, எதை வடிகட்டி அளக்கிறோம் என்பது. மனிதக் காது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைவாகவே கேட்கும். அதைப் பின்பற்றி அளக்கும் முறைக்கு ஏ-எடை என்று பெயர். பெரும்பாலான நகரச் சட்டங்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் கீழ்வீட்டில் நடக்கும் விருந்தின் பேஸ் ஒலி சுவர் வழியாக வந்து நெஞ்சைத் தட்டும்போது ஏ-எடை அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. தாழ்ந்த அதிர்வையும் கணக்கில் எடுக்க சி-எடை வேண்டும். எந்த எடையைத் தேர்ந்தெடுப்பது என்பதே ஓர் ஊரின் கவலை எது என்பதைக் காட்டிவிடும்.

மூன்று நகரங்கள், மூன்று அளவுகோல்கள்

சான் பிரான்சிஸ்கோவின் விதிகள் அந்நகரக் காவல் சட்டத்தொகுப்பின் 29ஆம் பிரிவில் இருக்கின்றன. 2008இல் பெரிதாகத் திருத்தப்பட்ட அந்தப் பிரிவின் அடிப்படை ஒப்பீடு. ஒரு குடியிருப்பிலிருந்து வரும் ஒலி, சொத்தின் எல்லையில், சூழல் ஒலியைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. வணிக, தொழில் இடங்களுக்கு இது 8. பொது இடத்தில் 25 அடி தள்ளி அளந்தால் 10. அடுக்குமாடிகள் நெருங்கிய நகரம் என்பதால் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கும் விதி உண்டு. கதவு சன்னலைச் சாத்தி, பக்கத்து வீட்டுக்குள் சுவரிலிருந்து 3 அடி தள்ளி அளக்க வேண்டும். உரிமம் பெற்ற கேளிக்கைக் கூடங்களுக்கு மட்டும் சி-எடையில் தனி வரம்பு: தாழ்ந்த அதிர்வில் சூழலைவிட 8க்கு மேல் கூடாது. இசைக்கூடங்கள் மலிந்த ஊரின் அனுபவம் அந்த ஒரு வரியில் தெரிகிறது.

இங்கே சூழல் ஒலி என்பது, புகாருக்குள்ளான மூலத்தை நிறுத்திவிட்டு, குறைந்தது பத்து நிமிடங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் மிகக் குறைந்த அளவு. அதற்கும் ஓர் அடித்தளம் வைத்திருக்கிறார்கள். வெளியே 45க்குக் கீழும் வீட்டுக்குள் 35க்குக் கீழும் சூழல் ஒலி இருப்பதாகக் கணக்கில் கொள்ள மாட்டார்கள்.

ஓக்லாந்து நிமிடங்களை எண்ணுகிறது. அதன் திட்டமிடல் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. குடியிருப்பில் பகலில் ஒரு மணி நேரத்துக்குள் 60 டெசிபலைத் தாண்டும் ஒலி மொத்தமாக 20 நிமிடம் வரை பொறுக்கப்படும். 65ஐத் தாண்டினால் 10 நிமிடம், 70ஐத் தாண்டினால் 5 நிமிடம், 75ஐத் தாண்டினால் 1 நிமிடம். 80ஐ ஒரு கணமும் தாண்டக் கூடாது. இரவு 10 முதல் காலை 7 வரை இந்த எண்கள் ஒவ்வொன்றிலும் 15 குறையும், அதாவது அட்டவணை 45இல் தொடங்கும். ஒலிமூலத்தின் பக்கத்தில் நின்று அளப்பதில்லை, கேட்பவரின் எல்லையில் அளக்கிறார்கள். சத்தத்துக்கு ஒரு கால அளவும் உண்டு என்ற நடைமுறை அறிவு இதில் இருக்கிறது. லாரி ஒரு நிமிடம் உறுமிவிட்டுப் போவதும் ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் உறுமுவதும் ஒன்றாகாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பெர்க்லி மண்டலத்தைப் பார்க்கிறது. தனிவீடுகளும் இரட்டை வீடுகளும் உள்ள பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. அடர்ந்த அடுக்குமாடிப் பகுதிகளில் 60, 55. வணிகப் பகுதியில் 65, 60. ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் இந்த அளவு தாண்டப்பட்டால் மீறல். ஓக்லாந்தைப் போல இங்கும் குறுகிய நேரச் சத்தங்களுக்குப் படிப்படியான தளர்வு உண்டு. ஆனாலும் முதல் கேள்வி, "நீ எந்தப் பகுதியில் குடியிருக்கிறாய்?" என்பதுதான்.

மூன்றையும் ஒவ்வொரு சொல்லில் சுருக்கலாம். சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றம், ஓக்லாந்துக்கு நேரம், பெர்க்லிக்கு இடம்.

ஒரே சத்தம், வெவ்வேறு தீர்ப்பு

சில சோதனைகளைச் செய்து பார்ப்போம். முதலாவது, மேலே சொன்ன 57 டெசிபல் பகல் விசிறி. பெர்க்லியின் தனிவீட்டுப் பகுதியில் மீறல், ஓக்லாந்தில் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் சூழல் ஒலி 48 என்றால் வரம்பு 53, ஆகவே மீறல். அதே ஊரில் பேருந்து ஓடும் தெருவில் சூழல் ஒலி 54 என்றால் வரம்பு 59, விசிறி தப்பித்துக்கொள்ளும்.

இரண்டாவது, இரவு 11 மணிக்கு 48 டெசிபலில் ஓடும் விசிறி. இப்போது வரிசை தலைகீழாகிறது. ஓக்லாந்தின் வரம்பு 45, மீறல். பெர்க்லியின் தனிவீட்டுப் பகுதியில் 45, மீறல். ஆனால் அதே பெர்க்லியின் அடுக்குமாடிப் பகுதியில் 55, மீறல் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் மிக அமைதியான தெருவிலும் சூழல் ஒலி குறைந்தது 45 என்றே கொள்ளப்படும் என்பதால் வரம்பு 50, மீறல் இல்லை. பகலில் கண்டிப்பாகத் தெரிந்த ஊர் இரவில் தளர்ந்துவிட்டது.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைப் பகலில் மூன்று நிமிடம் மட்டும் வேலியில் 68 டெசிபல் தொடும் பாட்டு. ஓக்லாந்தின் விதியில் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒலி முக்கியமாகப் பேச்சாகவோ இசையாகவோ இருந்தால், அல்லது ஒரே சுருதியில் ரீங்கரித்தால், அல்லது சுத்தியலடிபோல விட்டுவிட்டு வந்தால், எல்லா வரம்புகளிலும் 5 டெசிபல் குறைக்க வேண்டும். அப்படியும் இந்தப் பாட்டு தப்பிக்கிறது. 65ஐ 5 நிமிடம் வரை தாண்டலாம், இது 3 நிமிடத்தில் ஓய்ந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் அமைதியான தெருவில் அனுமதி பெறாமல் இதையே பாடினால், ஒப்பீட்டு விதிப்படி பாட்டு தோற்றுப்போகும்.

அந்த 5 டெசிபல் குறைப்பு யோசிக்க வேண்டிய விஷயம். விசிறியைவிடப் பாட்டுக்கு வரம்பு ஏன் இறுக்கமாக இருக்க வேண்டும்? மனம் விசிறியைச் சீக்கிரமே மறந்துவிடுகிறது. பேச்சையும் பாட்டையும் மறக்க அதனால் முடிவதில்லை, சொல்லைத் தொடர்ந்து போய்விடுகிறது. பொருளுள்ள ஒலிதான் அதிகம் தொந்தரவு செய்யும் என்பது உளவியல்ரீதியாகச் சரி. அதன் விளைவாக எந்திரத்துக்குக் கிடைக்கும் சலுகை மனிதக் குரலுக்குக் கிடைப்பதில்லை. இந்த முரண் ஓக்லாந்தில் பின்னால் வேறு வடிவத்தில் வெளிவந்தது.

நான்காவது, கட்டட வேலை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கட்டுமான எந்திரம் 100 அடி தொலைவில் 80 டெசிபல் வரை போகலாம். ஓக்லாந்தில் 10 நாளுக்குக் குறைவான வேலைக்கு வாரநாள் பகலில் குடியிருப்பில் 80 வரை போகலாம். இரண்டும் 80 என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஓக்லாந்தின் 80 கேட்பவரின் எல்லையில் அளந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மனைகள் பெரும்பாலும் 25 அடி அகலம்தான், பக்கத்து வீட்டுக்காரர் 100 அடி தள்ளி நிற்க வழியில்லை. 100 அடியில் 80 என்றால் 50 அடியில் 86, 25 அடியில் 92. ஒரே எண்ணுக்குள் 12 டெசிபல் இடைவெளி, ஆற்றலில் ஏறத்தாழ 16 மடங்கு. ஓக்லாந்தில் வேலை பத்து நாளைத் தாண்டினால் வரம்பு 65க்கு இறங்கும், வாரக் கடைசியில் 55. நீண்டு நடக்கும் வேலைக்கு அண்டை வீட்டார் தரும் விலை அதிகம் என்பதை அந்தச் சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது.

ஏன் இப்படிப் பிரிந்தார்கள்

இது நகரங்களின் பிடிவாதத்தால் மட்டும் வந்ததல்ல. 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் இரைச்சல் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குள் அதற்கெனத் தனி அலுவலகம் இருந்தது. 1974இல் அம்முகமை வெளியிட்ட ஆவணம் ஒன்று, மக்கள் நலத்தைப் பாதுகாக்க வெளியே 55, வீட்டுக்குள் 45 டெசிபல் என்ற பகலிரவுச் சராசரியை அடையாளம் காட்டியது. அந்தச் சராசரியில் இரவு 10 முதல் காலை 7 வரையிலான ஒலிக்கு 10 டெசிபல் சேர்த்தே எண்ண வேண்டும். அதாவது இரவில் எழும் ஒரு சத்தம் பகலில் எழும் பத்துச் சத்தங்களுக்குச் சமம். 1975இல் நகரங்களுக்கான மாதிரிச் சட்டமும் வந்தது. கலிபோர்னியா 1973இல் தன் சொந்தச் சட்டத்தையும், 1977இல் நிமிடக் கணக்கு அட்டவணையுடன் ஒரு மாதிரி விதித்தொகுப்பையும் உருவாக்கியது. ஓக்லாந்து, பெர்க்லி விதிகளில் அந்தக் குடும்பச் சாயல் தெரிகிறது.

பிறகு 1981, 82இல் ரீகன் அரசு கூட்டாட்சி அலுவலகத்தின் நிதியை நிறுத்தியது. சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கிறது, அதை நடத்துவதற்கு ஆளில்லை. வழிகாட்டி விலகிக்கொண்டதால் நகரங்கள் தத்தம் போக்கில் விதிகளைத் திருத்திக்கொண்டன. காவல்துறையிடம் பொறுப்பை விட்ட ஊர் காவல் சட்டத்தில் எழுதியது, திட்டமிடல் துறையிடம் விட்ட ஊர் மண்டலச் சட்டத்தில் எழுதியது. பெர்க்லி விருந்து வீடுகளுக்கு டெசிபலே தேவைப்படாத ஒரு விதியையும் வைத்திருக்கிறது. கூட்டம் கூடி அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்த வீட்டின் கதவில் எச்சரிக்கை ஒட்டுவார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் காவலர் மறுபடி வர நேர்ந்தால் அபராதம். பல்கலைக்கழக ஊருக்கு ஒலிமானியைவிட அது பயன்படுகிறது.

சூழல் ஒலி என்ற சலுகை

சான் பிரான்சிஸ்கோவின் ஒப்பீட்டு முறை முதல் பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். அமைதியான தெருவில் அமைதி காக்கச் சொல்கிறது, சந்தைத் தெருவில் சந்தையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அமைதி குறைந்த தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் நியாயம் தடுமாறுகிறது. ஏற்கெனவே இரைச்சலில் வாழ்பவர் மேலும் இரைச்சலைச் சகிக்க வேண்டும் என்பதுதான் விதியின் உட்பொருள்.   

ஓக்லாந்தும் பெர்க்லியும் இதிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை. சூழல் ஒலி நிர்ணயித்த அளவைவிட ஏற்கெனவே அதிகம் என்றால் அந்தச் சூழல் அளவே வரம்பாகிவிடும் என்று இரண்டும் சொல்கின்றன. சான் பிரான்சிஸ்கோ இதற்கு ஒரு மாற்றும் வைத்திருக்கிறது. எந்திரம் போன்ற நிலையான மூலங்களிலிருந்து வரும் ஒலி, படுக்கையறையிலோ கூடத்திலோ இரவில் 45ஐயும் பகலில் 55ஐயும் தாண்டக் கூடாது. சன்னலைத் திறந்து வைத்தே அளக்க வேண்டும், சன்னலை மூடியே வைத்திருக்கும்படி எந்திரக் காற்றோட்டம் உள்ள வீடுகளுக்கு மட்டும் விலக்கு. தெரு எவ்வளவு இரைந்தாலும் இந்த எண் மாறாது. மூன்று நகரங்களின் விதிகளிலும் எனக்கு மிகவும் மனிதத்தனமாகப் படுவது இந்த வரிதான். ஒலி எங்கே புறப்பட்டது என்பதை விட்டுவிட்டுத் தூங்குகிறவரின் தலையணையில் போய் நின்று அளக்கிறது.

சூழல் என்பது இயற்கையாக அமைவதுமில்லை. ஓக்லாந்தில் 580, 880 என்ற எண்களில் இரண்டு பெருஞ்சாலைகள் ஏறத்தாழ இணையாக ஓடுகின்றன. 580 வசதியான குன்றுப்புறத்தை ஒட்டிப் போகிறது. அதில் 4.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 1960களிலிருந்தே தடை. கனரக லாரிகளெல்லாம் துறைமுகத்தையும் ஏழைக் குடியிருப்புகளையும் ஒட்டிய 880இல்தான் போக வேண்டும். குன்றுப்புறத்தின் அமைதி கீழ்ச்சமவெளியின் இரைச்சலாக மாறி நிற்கிறது. பின்னால் யாராவது 880 அருகே ஒலிமானியோடு போய்ச் "சூழல் ஒலி" என்று குறித்துக்கொள்ளும்போது, பழைய ஓர் அரசியல் முடிவு இயற்பியல் அளவீடாக உருமாறிவிடுகிறது.

நகரத்தின் கை எட்டாத இடம்

நகரச் சட்டங்கள் இவ்வளவு நுணுக்கமாக விசிறிகளையும் பாட்டையும் அளந்தாலும், பெரிய சத்தங்கள் அவற்றின் அதிகாரத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. தெற்குக் கலிபோர்னியாவின் பர்பாங்க் நகரம் இரவு 11 முதல் காலை 7 வரை ஜெட் விமானங்கள் கிளம்பக் கூடாது என்று விதித்தது. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. வானம் கூட்டாட்சி அரசுக்குரியது என்பது அதன் சாரம். தண்டவாளக் கடவைகளில் ரயில் ஊத வேண்டும் என்பதும் கூட்டாட்சி விதி. அந்த ஊதொலி 100 அடி முன்னால் 96 டெசிபலுக்குக் குறையவும் கூடாது, 110ஐத் தாண்டவும் கூடாது. மேற்கு பெர்க்லிவாசி ஒருவர் பக்கத்து வீட்டு விசிறியின் 48 டெசிபலைப் பற்றிப் புகார் எழுதிக்கொண்டிருக்கும்போதே, நடுநிசி ரயில் சட்டப்படி ஊதிக்கொண்டு போகும்.

சான் பிரான்சிஸ்கோவின் விமான நிலையத்தின் கதை இதைவிடச் சுவையானது. அதன் உரிமையாளர் சான் பிரான்சிஸ்கோ நகரம், ஆனால் நிலையம் இருப்பது நகர எல்லைக்கு வெளியே, சான் மேட்டியோ மாவட்டத்தில். விமானங்களின் இரைச்சல் சான் புருனோ, மில்பிரே போன்ற அண்டை ஊர்களின் கூரைகள்மேல் விழுகிறது. தன் குடிமக்களின் படுக்கையறைக்கு 45 டெசிபல் என்று கோடு போட்ட நகரம், தன் வருமானம் தரும் சத்தத்தை அடுத்த ஊரில் இறக்கி வைத்திருக்கிறது. அந்த ஊர்களோடு பேசுவதற்காக 1981இல் ஒரு வட்டமேசைக் குழு அமைந்தது. அண்டை நகரங்களின் விதிகளை ஒப்பிடும் அட்டவணைகளில் இந்தச் சத்தம் இடம்பெறுவதே இல்லை. அதற்கு எந்த நகரத்தின் விதியும் பொருந்தாது.

யாருடைய சத்தம்

2015இல் ஓக்லாந்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. மெரிட் ஏரிக்கரையில் முரசடிப்பவர்கள்மீது ஒருவர் புகார் செய்து காவலர்கள் வந்தார்கள். மேற்கு ஓக்லாந்தில் ஒரு தேவாலயத்துக்கு, பாடகர் குழுவின் பயிற்சி அதிகச் சத்தமாக இருக்கிறதென்று நகராட்சியிலிருந்து அபராத எச்சரிக்கைக் கடிதம் போனது. மேற்கு ஓக்லாந்து நெடுங்காலமாகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. வாடகை ஏற ஏறப் புதியவர்கள் குடியேறிக்கொண்டிருந்த நேரம் அது. பாட்டு பழையது, காது புதியது. டெசிபல் எவ்வளவு என்ற கேள்வி பின்னுக்குப் போய், இந்தத் தெரு யாருடையது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

அதே 2015இல் பாலத்துக்கு அப்பால் சான் பிரான்சிஸ்கோ இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே ஒரு விடை எழுதியது. ஏற்கெனவே உரிமத்தோடு நடக்கும் இசைக்கூடத்துக்கு 300 அடிக்குள் புதிதாக வீடு கட்டினால், கட்டுபவர் அந்தச் சத்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், குடிவருபவருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். உரிமப்படி நடக்கும் கூடத்தைத் தொந்தரவு என்று சொல்லிப் பிறகு வழக்குப் போடுவது எளிதல்ல. மாற்றத்தைக் கொண்டுவந்தவரே அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்பது இதன் தத்துவம். வரம்புகளை ஒப்பிடுகிறவர் 5, 8, 10 என்ற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்த விதி கண்ணில் படாது. வழக்கு வரும்போது அந்த எண்களைவிட இதற்குத்தான் கனம் அதிகம்.

பெர்க்லியில் கேள்வி வேறு உருவம் எடுத்தது. மக்கள் பூங்கா என்று வரலாற்றுப் பெயர் பெற்ற நிலத்தில் சுமார் 1,100 மாணவர்களுக்கு விடுதி கட்டப் பல்கலைக்கழகம் திட்டமிட்டது. எதிர்த்த குடியிருப்போர், மாணவர் விருந்துகளின் சத்தமும் சுற்றுச்சூழல் பாதிப்புதான், அதை ஆய்ந்திருக்க வேண்டும் என்று வாதிட்டனர். 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மாநிலச் சட்டமன்றம், குடியிருப்புத் திட்டங்களில் அங்கு வாழப்போகும் மக்களின் சத்தத்தைச் சுற்றுச்சூழல் பாதிப்பாகக் கொள்ளக் கூடாதென்று சட்டமே இயற்றியது. 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை மாற்றியது. இன்னும் கட்டப்படாத விடுதியில், இன்னும் சேராத மாணவர்கள், இன்னும் போடாத சத்தத்துக்காக ஒரு மாநிலத்தின் மூன்று அதிகார அமைப்புகளும் உழைத்தன.

ஒரே எண் உள்ள நாடு

நமக்கு இந்தச் சிக்கல் இல்லையே என்று தோன்றலாம். இந்தியாவில் 2000 பிப்ரவரியில் வந்த ஒலி மாசு விதிகள் நாடு முழுமைக்கும் பொது. தொழில் பகுதிக்குப் பகல் 75, இரவு 70. வணிகப் பகுதிக்கு 65, 55. குடியிருப்புக்கு 55, 45. அமைதி மண்டலத்துக்கு 50, 40. புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலும், அதை ஒட்டித் தமிழ்நாட்டில் இருக்கும் கோட்டக்குப்பத்திலும் எண் ஒன்றேதான். குடியிருப்புக்கான நம் எண்கள் பெர்க்லியின் தனிவீட்டுப் பகுதி எண்களோடு அப்படியே பொருந்துகின்றன. ஒரு வித்தியாசம், அங்கே பகல் காலை 7 மணிக்குத் தொடங்குகிறது, இங்கே 6 மணிக்கு.

ஆனால் எண் ஒன்றாக இருந்தாலும் அளவுகோல் வேறு. நம்முடையது சராசரி ஆற்றல் அளவு. பின்னணி 50 டெசிபலாக இருக்கும் தெருவில் மூன்று நிமிடம் 68 தொட்ட பாட்டை 16 மணி நேரப் பகலில் பரப்பிச் சராசரி பார்த்தால் 51கூட வராது. ஒரு மணி நேரத்துக்குப் பார்த்தால் 56 வரும், வரம்பு மீறல். எவ்வளவு நேரத்துக்குச் சராசரி என்பதைப் பொறுத்து ஒரே பாட்டு குற்றமாகலாம், ஆகாமலும் போகலாம்.

எண்ணை டெல்லி தந்தாலும் மற்றவை மாநிலங்களின் கையில் இருக்கின்றன. எந்தத் தெரு குடியிருப்பு, எது வணிகம் என்று பிரிப்பது மாநிலம். 2017 திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அறிவித்தால்தான் மருத்துவமனையைச் சுற்றிய 100 மீட்டரும் அமைதி மண்டலமாகும். இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கிக்கான தடையை ஆண்டுக்கு 15 நாள் வரை, நள்ளிரவு 12 வரை தளர்த்தும் அதிகாரமும் மாநிலத்துக்கே. ஆடி மாதத்து அம்மன் கோயில் தெருவில் குடியிருப்பவருக்கு அந்த 15 எந்த மூலைக்கு என்று தெரியும்.

விதிகள் வந்த அதே 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு சென்னையைச் சேர்ந்தது. மாதவரம் நெடுஞ்சாலைக்கு அருகே கே.கே.ஆர். நகரில் இருந்த ஒரு தேவாலயத்தின் டிரம்ஸ், கிதார், ஒலிபெருக்கி ஓசைகள்மீது குடியிருப்போர் நலச் சங்கம் புகார் செய்தது. சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் நெடுஞ்சாலை வாகனங்கள்தான் என்று தேவாலயம் வாதிட்டது. எந்த மதமும் அடுத்தவர் அமைதியைக் குலைத்து வழிபடச் சொல்லவில்லை என்ற கருத்தோடு நீதிமன்றம் தேவாலயத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. சான் பிரான்சிஸ்கோவில் இந்த வழக்கு நடந்திருந்தால் நெடுஞ்சாலையின் இரைச்சல் தேவாலயத்துக்குத் துணையாகச் சாட்சி சொல்லியிருக்கும். சூழல் ஒலி உயர, பாட்டின் வரம்பும் உயர்ந்திருக்கும். மேற்கு ஓக்லாந்தில் நடந்திருந்தால் வழக்கின் பேச்சே வேறு திசையில் போயிருக்கும்.

ஒப்பிடும்போது என்ன கேட்பது

எந்த ஊர் அமைதியானது என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடியாது. எங்கே நின்று அளக்கிறார்கள், எதோடு ஒப்பிடுகிறார்கள், எவ்வளவு நேரத்தை எண்ணுகிறார்கள், எந்தெந்தச் சத்தம் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்ற நான்கும் தெரிந்த பிறகுதான் எண்ணுக்குப் பொருள் வரும். ஐந்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு. மீறல் என்று தெரிந்தபின் புகார் சொல்லக் கதவு எங்கே திறக்கிறது?

அந்தக் கேள்வியோடு நம் விதிகளைப் புரட்டினால் 7ஆம் விதி நிறுத்திவைக்கிறது. ஒலி நிர்ணயித்த அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் ஒருவர் புகார் செய்யலாம் என்கிறது அது. இரவு நேரத் தடைகளை மீறினாலும் புகார் செய்யலாம் என்று பின்னால் சேர்த்தார்கள். பகலுக்கு அந்தப் பத்து அப்படியே நிற்கிறது. குடியிருப்பில் பகல் வரம்பு 55, ஆனால் புகாருக்கான கதவு 65இல்தான் திறக்கிறது. பெர்க்லியின் வேலியில் 57 டெசிபலுக்கு மீறல் என்று எழுதப்பட்ட அந்த விசிறி நம் ஊரிலும் ஏட்டின்படி வரம்பைத் தாண்டியதுதான். ஆனால் அதைப் பற்றி மனு எழுத வேண்டுமென்றால் அது இன்னும் 8 டெசிபல் சத்தமாக ஓடும்வரை நாம் காத்திருக்க வேண்டும்.